எத்தனை நாள் ஆற வேண்டும்?

துபாயில் ஒரு ஹோட்டலில், சுருட்டு அறையைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. 2007-ல் சேர்ந்தேன். அன்று முதல் இன்றுவரை வாடிக்கையாளர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இதை எத்தனை நாள் வைத்திருந்து பிடிக்கலாம்?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் புகைப்பதில்லை. ஒரே ஒரு நாள்கூடப் புகைத்ததில்லை. மிட்டாய்க் கடையில் வேலை பார்க்கும் சர்க்கரை நோயாளி போல, வாசனையும் நிறமும் தொட்டுப் பார்ப்பதும் மட்டும்தான் என் பங்கு. ஆனாலும் சுருட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன். காரணம், என் ஊர் திருச்சி உறையூர்.

உறையூர் என்றால் கண்டாங்கிச் சேலையும் வெக்காளியம்மன் கோயிலும் உங்களுக்கு நினைவு வரலாம். வெள்ளைக்காரர்களுக்கு நினைவுக்கு வந்தது சுருட்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு' என்ற சொல்லில் இருந்து போனதுதான். 1887-ல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்து, "கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளி சுருட்டு" என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். சர்ச்சில்கூட எங்கள் ஊர்ச் சுருட்டுக்கு ரசிகர் என்று உறையூரில் யாரைக் கேட்டாலும் பெருமையாகச் சொல்வார்கள்.

என் அப்பா பன்னிரண்டு வயதில் சுருட்டுக் கம்பெனியில் பலகை முன்னால் உட்கார்ந்தவர். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டுக் கூரை, சாணம் மெழுகிய தரை, வரிசையாகப் பத்துப் பேர், மூலையில் திருச்சி வானொலி. அவ்வளவுதான். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கமிருந்து புகையிலைக் கட்டு வரும். தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, நடு நரம்பைக் கிழித்தெடுத்து, வெல்லத் தண்ணீர் காட்டி, அடுக்கிச் சாக்கு போட்டு மூடி வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் அந்தக் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். எருக்குழி சுடுமே, அதே மாதிரி. சூடு ஏறினால் பிரித்து, மேலே இருந்ததைக் கீழே போட்டு, மறுபடி மூட வேண்டும்.

சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகும்போது அந்தக் குவியலின் நெடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். மாட்டுக் கொட்டகை நாற்றம். "என்னப்பா இப்படி நாறுது?" என்பேன். "இலை இன்னும் ஆறலைடா. ஆறாத இலை தொண்டையைப் பிடிக்கும். பொறு" என்பார்.

ஆறுவது. இந்த ஒரு வார்த்தையைப் படித்துக்கொண்டுதான் நான் துபாய்க்கு வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்து பார்த்தால், அப்பா சொன்னதையே கோட் சூட் போட்டுக்கொண்டு சொல்கிறார்கள். கியூபாவில் பினார் டெல் ரியோ என்றொரு மாகாணம். உலகத்தில் பெயர் பெற்ற சுருட்டுப் புகையிலை அங்கே விளைகிறது. அங்கும் இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அங்கும் அடுக்கி வைத்துச் சூடேற்றுகிறார்கள். அப்புறம் மூட்டை கட்டிக் காக்க வைக்கிறார்கள். செடியின் அடிப்பக்கத்து மெல்லிய இலைக்குக் காத்திருப்பு குறைவு. உச்சியில் வெயில் குடித்து வளரும் தடித்த இலைக்கு இரண்டு வருஷமாவது வேண்டும். சுற்றும் வேலையே அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

அந்த ஊர்த் தொழிற்சாலைகளில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. தொழிலாளிகள் சுருட்டு சுற்ற, ஒருவர் மேடையில் உட்கார்ந்து அவர்களுக்குச் செய்தித்தாளும் நாவலும் வாசிப்பார். 1865-ல் ஹவானாவில் தொடங்கியது. அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கவில்லை, தொழிலாளிகளே தங்கள் கூலியில் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். 'மான்டிகிறிஸ்டோ' என்று புகழ்பெற்ற சுருட்டுக்கு அந்தப் பெயர், தொழிலாளிகள் கேட்டு ரசித்த அலெக்ஸாந்தர் டூமாவின் நாவலில் இருந்து வந்தது என்பார்கள். இதை ஹோட்டல் சமையலறையில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எங்கட சுருட்டுக் கொட்டில்லயும் பேப்பர் வாசிக்க ஒராள் இருப்பார் தம்பி" என்றார்.

சரி, அறைக்கு வருவோம். 'ஹ்யூமிடார்' என்பது ஈரப்பதம் காக்கும் பெட்டி. எங்களிடம் அது ஓர் அறையளவு. வெளியே 45 டிகிரி கொதிக்கும், ஏ.சி. போட்டாலோ காற்று காய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில், சுருட்டுக்கு 18 முதல் 21 டிகிரி வெப்பமும், 65 முதல் 70 சதவிகிதம் ஈரப்பதமும் வேண்டும். குறைந்தால் இலை வெடித்து, பற்றவைத்ததும் காகிதம் போல எரியும். கூடினால் பூஞ்சணம் பூக்கும். இழுத்தால் புகை வராது.

உள்ளே அடித்திருக்கும் பலகைக்கு ஸ்பானிஷ் சிடார் என்று பெயர். பெயரில்தான் சிடார். உண்மையில் அந்த மரம் நம் வேப்ப மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பாத்தியா, அரிசிப் பானைல வேப்பிலை போடுறதைத்தான் அவனுங்களும் செய்றானுங்க" என்றார். பூச்சியை அண்டவிடாது என்பதால்தான் அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தொழிலில் சொல்வதுண்டு.

ஆனாலும் பூச்சி வரும். சுருட்டுக்கு முதல் எதிரி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்பு நிற வண்டு. முட்டை இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அறை சூடானால் பொரிந்து, குண்டூசியால் குத்தியது போல ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். இல்லத்தரசிகளுக்கு இந்த வண்டை அறிமுகப்படுத்தவே வேண்டாம். மல்லித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள் டப்பாவில் வருகிறதே, அதேதான்! மருந்தும் ஒன்றுதான். காற்றுப் புகாத கவரில் கட்டி, மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்துப் பிறகு வெளியே எடுக்க வேண்டும்.

ஈரப்பதம் காட்டும் மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் சமையலறைதான் கைகொடுக்கும். ஒரு பாட்டில் மூடியில் சாதா உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் ஒரே கவரில் போட்டு இறுக மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் முள் 75-ஐக் காட்ட வேண்டும். ஈர உப்பு, மூடிய இடத்துக் காற்றை 75 சதவிகிதத்திலேயே பிடித்து நிறுத்தும். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இதைச் செய்து காட்டினேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சிக்கே கொண்டுபோய்விட்டாள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். எத்தனை நாள்?

சுற்றி முடித்த புதுச் சுருட்டில் அந்த மாட்டுக் கொட்டகை நெடி, அதாவது அம்மோனியா, மிச்சம் இருக்கும். சுற்றிய சில நாட்களில் பிடித்தால் பிடித்தது. அதை விட்டால் சில மாதங்கள் அது 'நோய்க் காலம்' என்பார்கள். தொடக் கூடாது. ஒரு வருஷம் போனால் நெடி தணியும். கியூபா பெட்டிகளின் அடியில் எந்த மாதம், எந்த வருஷம் அடைத்தது என்று முத்திரை இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைக் கவிழ்த்து அதைத்தான் பார்ப்பார்கள். டொமினிகன், நிகரகுவா சுருட்டுகள் பெரும்பாலும் கம்பெனியிலேயே ஆறி வருபவை. பயண அலுப்புத் தீர இரண்டு மூன்று வாரம் வைத்தால் போதும். காரமான, தடித்த சுருட்டு ஐந்து வருஷம், பத்து வருஷம்கூடத் தாங்கும். மெல்லிய ரகத்தை அவ்வளவு நாள் வைத்தால் வாசனை போய், வெறும் சூடான காற்றுதான் மிஞ்சும்.

நம் வீட்டுப் பழக்கம்தானே இதுவும்? புது அரிசி குழையும், ஒரு வருஷத்துப் பழைய அரிசி உதிரும். நார்த்தங்காய் ஊறுகாய் ஆற ஆறத்தான் ருசி. அதே நேரம் மாவடு அடுத்த மாவடு சீசன் வரைதான். எதற்கு எவ்வளவு என்று தெரிந்தவருக்குப் பெயர்தான் கைப்பக்குவம்.

எங்கள் அறையில் சிறு சிறு லாக்கர்கள் உண்டு. வாடிக்கையாளர்கள் தங்கள் பெட்டிகளை அதில் வைத்திருப்பார்கள். சாவி எங்களிடம். முப்பது வருஷமாக துபாயில் ஜவுளி வியாபாரம் செய்த ஒரு சிந்திக்காரர், 2009 முத்திரை போட்ட 25 சுருட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தார். மற்ற நாளில் வேறு ஏதாவது பிடிப்பார். அந்தப் பெட்டி மட்டும் தொடக் கூடாது. "என் அறுபதாவது பிறந்தநாளுக்கு" என்றார்.

அறுபது வந்தது. "மகன் கல்யாணத்துக்கு வெச்சுக்கலாம்" என்றார். கல்யாணமும் நடந்தது. "கடையை அவன் கையில் ஒப்படைக்கிற அன்னிக்கு. பத்து வருஷமும் ஆகிடும், கணக்குச் சரியா இருக்கும்" என்றார். நான் வாரா வாரம் அந்த லாக்கரைத் திறந்து மீட்டரைப் பார்ப்பேன். 2017-ல் ஒரு தடவை, "இப்பவே பதமா இருக்கு சார், ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "அவசரம் எதுக்கு பாய்?" என்று சிரித்தார்.

2019-ல் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு ஊரே அடங்கியிருந்த நேரம், வீட்டில் மாரடைப்பில் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி வந்தார். லாக்கரைத் திறந்து பெட்டியை மேசைமேல் வைத்தேன். பச்சை வெள்ளை முத்திரைச் சீட்டு கிழியாமல் இருந்தது. அவர் ஹிந்தியில் கேட்டார், "கெட்டுப் போயிருக்குமா?"

"இல்லை மேடம். ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருந்து என்ன?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, அவருடைய நண்பர்கள் யார் யார் என்று கேட்டார். பெயர்களைச் சொன்னேன். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு, "காலிப் பெட்டி மட்டும் எனக்கு வேணும். அவர் எழுதின லெட்டரை எல்லாம் போட்டு வைக்க" என்றார். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று இரவு என் மனைவிக்குப் போன் செய்து, பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கும் பட்டுச் சேலையை அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகச் சொன்னேன். "என்ன திடீர்னு?" என்றாள். "சும்மாதான்" என்றேன்.

அப்பா கதையையும் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் எழுதியதே அதற்காகத்தான்.

அப்பா சுற்றினார், சுற்றியதைப் பிடித்தார். ஒரு நாளைக்கு நாலைந்து. 2011 தை மாதம் அவருக்கு வலது கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது. பல் குத்தியது என்றார். அம்மா தேங்காய்ப்பால் கொடுத்தார், மணத்தக்காளிக் கீரை வைத்துக் கொடுத்தார். "டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாங்க" என்று அம்மா சொன்ன போதெல்லாம் அப்பாவின் பதில், "ஆறிடும் விடு."

வலி இல்லை. அதுதான் மோசம். ஆரம்பத்தில் பல பேருக்கு வலியே இருக்காது என்று பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். பங்குனி போய், ஆடி போய், ஆவணியில் வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போனபோதுதான் மருத்துவமனைக்கு வந்தார். எனக்குத் தகவல் வந்ததும் அப்போதுதான். ஆபரேஷன் செய்தார்கள், கரண்ட் வைத்தார்கள். மறு வருஷம் கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா போய்விட்டார். வயது 61.

தமிழில் இலையும் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது. அப்பா இரண்டுக்கும் ஒரே பொறுமையைக் காட்டினார். வெந்த இலையைத் தொட்டுப் பார்த்து இன்னும் எத்தனை நாள் என்று சொல்லத் தெரிந்த மனிதர், தன் கன்னத்துப் புண்ணுக்கு எட்டு மாதம் கொடுத்தார்.

டாக்டர் எங்களிடம் சொன்ன கணக்கு எளிமையானது. வாய்ப்புண் எதுவானாலும் இரண்டு வாரம் பார்க்கலாம், மிஞ்சிப் போனால் மூன்று. அதற்குள் ஆறவில்லை என்றால் காட்டியே ஆக வேண்டும். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, கழுத்தில் கட்டியோ, விழுங்கச் சிரமமோ, குரல் கரகரப்போ விடாமல் இருந்தாலும் அப்படித்தான்.

சுருட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை எல்லா ஊரிலும் இருக்கிறது. "சிகரெட் மாதிரி புகையை உள்ளே இழுக்கிறதில்லையே, ஒண்ணும் செய்யாது" என்பார்கள். எங்கள் அறைக்கு வரும் பெரிய மனிதர்களும் சொல்வார்கள், உறையூர்த் திண்ணையிலும் சொல்வார்கள். உள்ளே இழுக்காவிட்டாலும் சுருட்டின் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் இறங்கும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குச் சுருட்டு காரணம் என்று 1998-லேயே அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தனி அறிக்கை போட்டுவிட்டது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கும்.

பத்து வருஷம் ஆற வைத்தாலும் இதில் மாற்றம் இல்லை. நெடி குறையும், காரம் தணியும், வாசனை இனிக்கும். புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களில் முக்கியமான சில, இலையை உலர்த்திப் பதப்படுத்தும்போதே உருவாகிவிடுகின்றன. பெட்டிக்குள் காத்திருப்பதால் அவை ஓடிவிடாது. நாக்குக்கு மென்மையாகத் தெரிவது, கன்னத்துத் தோலுக்கு மென்மை ஆகிவிடாது. அப்பா ஆறாத இலையை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

"அப்புறம் ஏன் இந்த வேலையில் இருக்கே?" என்று கேட்பீர்கள். அம்மாவும் கேட்டார். தங்கை கல்யாணக் கடன், மகள் படிப்பு, வீட்டு லோன் என்று காரணங்களை அடுக்கலாம். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. "நீ மட்டும் வாய்ல வெச்சுடாதே ராசா" என்றார். இளம் பையன்கள் முதல் தடவையாக ஆசைக்கு ஒன்று பிடிக்க வந்தால், எங்கள் மெனு கார்டில் காபி நன்றாக இருக்கும் என்று காட்டுவேன். சிலர் காபியோடு போய்விடுவார்கள். மேனேஜருக்கு இது தெரியாது. இனித் தெரிந்தாலும் பரவாயில்லை.

போன வருஷம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா இன்னும் சுருட்டு சுற்றுகிறார். இப்போது அந்த வரிசையில் மூன்றே பேர். பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை, வரவும் வேண்டாம். பேசிக்கொண்டே வந்தவர், கன்னத்தில் நாக்கைத் துழாவிக்கொண்டே இருந்தார். "என்ன சித்தப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்லடா. வெள்ளையா என்னமோ ஒட்டினாப்ல இருக்கு. ஒரு மாசமாகுது. ஆறிடும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றேன். "இன்னிக்கு லோடு வருதுடா, அடுத்த வாரம் போகலாம்" என்றார். சித்தி உள்ளேயிருந்து அவர் சட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளும் சித்தி தூங்கவில்லை. முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் அதில் போய் முடியக்கூடிய திட்டு. "இன்னையோட நிறுத்துங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க" என்றார் டாக்டர்.

சித்தப்பா நிறுத்திவிட்டார். சுற்றுவதை நிறுத்தவில்லை, அவருக்கு வேறு வேலை தெரியாது. பற்றவைப்பதை நிறுத்திவிட்டார். கை பரபரக்கும்போது ஏலக்காய் மெல்லுகிறார். மூன்று மாதக் கெடு வரும்போதெல்லாம் துபாயிலிருந்து நான் போன் செய்கிறேன். "என்ன சித்தப்பா, காட்டிட்டீங்களா?"

"காட்டிட்டேன்டா, காட்டிட்டேன். உங்க சித்தி விட்டாத்தானே!"